நாகர்கோயில்காரி

என்னைப் பெற்ற தகப்பனை, ஒரு போலீஸ்காரர் என் வாசலில் கொண்டுவந்து நிறுத்தியபோது, இவர் யாரென்றே தெரியாது என்று சொன்னவள் நான்.

பயத்தில் வாய் தவறிப்போய்ச் சொன்னதல்ல. தெளிவாகச் சொன்னேன். குரல் நடுங்காமல், இந்த ஊர்ப் பெண் ஒருத்தி சொல்வதைப் போலவே சொன்னேன்.

முகம் சுளிக்கிறீர்களா? தாராளமாகச் சுளியுங்கள்! ஆனால் முழுவதையும் கேட்டுவிட்டுச் சுளியுங்கள். உங்களிடம் நான் கேட்பது அவ்வளவுதான். மன்னிப்பு எனக்கு வேண்டாம்.

நான் திருகோணமலைக்காரி. இந்த வாக்கியத்தை இத்தனை வருடங்களில் இப்போதுதான் எழுதுகிறேன். சுங்குவார்சத்திரத்தில் என்னைத் தெரிந்தவர்கள் எல்லோருக்கும் நான் நாகர்கோயில்காரி. என் மகனுக்குப் பெண் கொடுத்த வாலாஜாபாத் சம்பந்திகளுக்கும் அப்படித்தான். குலதெய்வம் எது என்று அவர்கள் கேட்டபோது, கடலோரத்தில் ஒரு அம்மன் என்றேன். உடனே ஒரு பெயரும் சொன்னேன். அப்படி ஒரு அம்மன் எங்கேயாவது இருக்கிறாளா என்று எனக்கு இன்றுவரை தெரியாது!

பொய் சொல்ல நான் பிறவியிலேயே கற்றவளா? இல்லை. முதல் பொய்யை எனக்காக ஒரு மளிகைக்கடைக்காரர்தான் சொன்னார்.

எண்பத்தொன்பதில் வந்தோம். நான், என் கணவர் தேவராசா, மகள் சுகந்தி, மகன் ரமணன். முறைப்படி விசா வாங்கி, விமானத்தில் வந்து இறங்கியவர்கள். விசா முடிந்தது... நாங்கள் திரும்பவில்லை. என் கணவர் டீசல் இன்ஜின் வேலையில் கெட்டிக்காரர். பெங்களூர் ரோட்டில் லாரிப் பட்டறை வைத்திருந்த ஒருவர், அவர் கையைப் பார்த்து வேலை கொடுத்தார். எந்த ஊர் என்று கேட்கவில்லை. பட்டறைக்குப் பின்பக்கத் தெருவில், தனம்மாவின் இரண்டு அறை வீடு வாடகைக்குக் கிடைத்தது.

முதல் வாரம் கடைக்குப் போய்ச் சவர்க்காரம் கேட்டேன். கடைக்காரர் சர்க்கரையை எடுத்துக் கட்டினார். இல்லை, உடுப்புத் தோய்க்கிற சவர்க்காரம் என்றேன். கடையில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு சமையலுக்குத் தேங்காயெண்ணெய் கேட்டேன். கடைக்காரர் முகம் மலர்ந்துவிட்டது. "நாகர்கோயில் பக்கமாம்மா? அதான் பேச்சு ஒரு மாதிரியா கீது" என்றார்.

நான் தலையை ஆட்டினேன். அவ்வளவுதான். நாகர்கோயில் எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட அப்போது எனக்குத் தெரியாது.

அன்று இரவு அதைச் சொல்லி நால்வரும் சிரித்தோம். ஆம், சிரித்தோம்! அந்த முதல் வருடம் நாங்கள் எவ்வளவு சிரித்திருக்கிறோம் என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். பாணைத் தேடி அலைந்து, ரொட்டிதான் பாண் என்று கண்டுபிடித்தோம். ஆமாம் என்பதற்கு நாங்கள் சொல்லும் 'ஓம்' இங்கே மந்திரம். பேசாதே என்பதற்கு 'கதைக்காதே' என்றால் ஒருவருக்கும் புரியவில்லை. ரமணன் ஒரே மாதத்தில் "வூட்டுக்கு வர்றியா, இன்னா சொல்ற?" என்று பேசிக்கொண்டு வந்தான். அவன்தான் எங்களுக்கு வாத்தியார். என் கணவர் கண்ணாடி முன்னால் நின்று "இன்னா சார்" என்று சொல்லிப் பழகுவார். அவர் சொன்னால் அது பட்டாளத்து உத்தரவு மாதிரி இருக்கும். பிள்ளைகள் உருண்டு உருண்டு சிரிப்பார்கள்.

கடல் இல்லாதது மட்டும் பழகவில்லை. மழை பெய்து ஏரி நிரம்பியபோது, ரமணன் கரையில் நின்று இதற்கு ஏன் அலை இல்லை என்று கேட்டான்.

முதல் தீபாவளிக்கு விடியற்காலையிலேயே தெருவெல்லாம் வெடிச்சத்தம். தனம்மா பலகாரத் தட்டோடு வந்தபோது, என் பிள்ளைகள் இருவரும் கட்டிலுக்கு அடியில், காதைப் பொத்திக்கொண்டு குப்புறப் படுத்திருந்தார்கள். அவர் குனிந்து பார்த்தார். தட்டைத் தரையில் வைத்து, கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டுப் போனார். அவருக்கு அன்றே எல்லாம் தெரிந்துவிட்டதா? எனக்குத் தெரியாது. கேட்க எனக்குத் துணிவில்லை.

நாங்கள் ஏன் திரும்பவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

எனக்கு ஒரு தம்பி இருந்தான். பெயர் வேண்டாம். ஊரில் பட்டாளம் ஒரு சுற்றிவளைப்பு நடத்தியது. ஆண்களை எல்லாம் பள்ளிக்கூட மைதானத்தில் இருத்தினார்கள். பெண்களைக் கூப்பிட்டு, இவனைத் தெரியுமா, அவனைத் தெரியுமா என்று கேட்டார்கள். தெரிந்தவன் என்று யாராவது சொன்னால் விட்டுவிடுவார்கள் என்று நினைத்தேன். என் முறை வந்ததும் கையை நீட்டி, தெரியும், என்ர தம்பி என்றேன்.

அவனை எழுப்பி வாகனத்தில் ஏற்றினார்கள். அதற்குப் பிறகு அவனைப் பார்த்தவர் யாரும் இல்லை.

ஏன் அவனை மட்டும் ஏற்றினார்கள்? என் சொல்லாலா, வேறு காரணத்தாலா? என் தகப்பன் என்னை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. ஆனால் மகன் வந்தால் வீடு பூட்டியிருக்கக் கூடாது என்று அவர் எங்களோடு வர மறுத்துவிட்டார். அடுத்த வருடம் சண்டை மீண்டும் மூண்டு, வீடே எரிந்த பிறகுதான் படகேறினார். இராமேஸ்வரம் வந்து, தெற்கே ஒரு முகாமில் சேர்க்கப்பட்டார்.

முகாமில் இருக்கிறார் என்ற செய்தி வந்ததும் என் கணவர் அவரை அழைத்துவரப் புறப்பட்டார். தடுத்தவள் நான்.

இப்போது வேண்டாம், கொஞ்சம் பொறுப்போம் என்றேன். காரணம் என்ன தெரியுமா? அவருடைய நாக்கு! அறுபத்தைந்து வயது மனிதருக்குப் பேச்சை மாற்றிக் கொடுக்க முடியுமா? வாசலில் உட்கார்ந்து, போகிறவர் வருகிறவர் எல்லோரிடமும் 'என்ன தம்பி, எங்க போறீர்' என்று கதைக்கிற மனிதர். அவர் வந்த அன்றே நாங்கள் நாகர்கோயில்காரர்கள் இல்லை என்று தெருவுக்குத் தெரிந்துவிடும். விசா இல்லாதவர்கள் என்று அடுத்தது தெரியும். என் கணவர் ஒரு கடிதம் மட்டும் போட்டார். சுங்குவார்சத்திரத்தில் லாரிப் பட்டறை, வசதி வந்ததும் கூப்பிடுகிறோம் என்று.

வசதி வந்தது. நான் கூப்பிடவில்லை... இதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பிறகு தொண்ணூற்றொன்று. மே மாதம். எங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் சற்று நேரப் பயணத்தில், ஸ்ரீபெரும்புதூரில், அந்தத் தேர்தல் கூட்டத்தில் குண்டு வெடித்தது. யார் இறந்தார் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கூட இறந்தவர்களில் சுங்குவார்சத்திரத்துக்குப் பக்கத்து ஊர்க்காரர்களும் இருந்தார்கள். மறுநாள் கடை இல்லை, பஸ் இல்லை. தனம்மா வாசலில் உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டு அழுதார். நானும் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். அந்த அழுகை பொய்யில்லை. அதை மட்டும் நீங்கள் நம்பித்தான் ஆக வேண்டும்.

செய்தவர்கள் யார் என்ற பேச்சு பரவியதும், 'சிலோன்காரன்' என்ற சொல் டீக்கடையில், குழாயடியில், பஸ்ஸில் எல்லா இடத்திலும் கேட்டது. வாடகைக்கு இருப்பவர்கள் யார் யார் என்று வீட்டுக்காரர்களிடம் விசாரித்தார்கள். தனம்மா வீட்டுக்கும் வந்தார்கள். எங்களைப் பற்றி அவர் சொன்ன ஒரே சொல், நாகர்கோயில்.

என் கணவர் போய் உண்மையைச் சொல்லிவிடலாம் என்றார். குற்றம் செய்யாதவர்களுக்கு என்ன பயம் என்று கேட்டார். என் தம்பி என்ன குற்றம் செய்தான் என்று நான் திருப்பிக் கேட்டேன்.

அன்றிலிருந்து பிள்ளைகளுக்கு விளையாட்டு முடிந்தது. தினமும் காலையில் உட்கார வைத்துக் கேட்பேன். எந்த ஊர்? நாகர்கோயில். தாத்தா எங்கே? செத்துப் போய்ட்டாரு. சிலோன்ல யாரைத் தெரியும்? யாரையும் தெரியாது. சுகந்திக்கு அப்போது பதினோரு வயது. ஒரு தடவைகூடத் தடுமாறவில்லை. கெட்டிக்காரப் பிள்ளை என்று தட்டிக் கொடுத்தேன்.

ஜூன் மாதம், பள்ளிக்கூடம் இன்னும் திறக்கவில்லை. மத்தியானம் அரிசி களைந்துகொண்டிருந்தேன். வாசலில் யாரோ கூப்பிட்டார்கள். ஈரக்கையோடு வந்தேன்.

ஒரு ஏட்டு நின்றார். வெயிலில் அலைந்து களைத்த முகம். அவருக்குப் பக்கத்தில், தோளில் ஒரு துணிப்பையோடு, என் ஐயா.

எங்கள் ஊரில் அப்பாவை ஐயா என்போம்.

பாதியாக இளைத்திருந்தார். என்னைக் கண்டதும் அவர் முகம் விரிந்ததே... அதை நான் எப்படி எழுதுவேன்? வாயைத் திறக்கப் போனார். அவர் பேசுவதற்குள் ஏட்டு பேசினார்.

"யாரோ புஷ்பமாம். சுகந்தின்னு ஒரு பொண்ணோட அம்மாவாம். பஸ் ஸ்டாப்புல ஒவ்வொருத்தரா கேட்டுகினு நின்னாரு. பேச்சு சிலோன் பேச்சு. டீக்கடையில உங்க வூட்டக் காட்டினாங்க. இவர உனக்குத் தெரியுமாம்மா?"

புஷ்பம் நான்தான். ஆனால் தெருவில் என்னை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. நான் சுகந்தி அம்மா; சுகந்தி என்ற பெயர் எந்த வீட்டிலும் இருக்கலாம். அந்த ஒரு சந்து எனக்குத் திறந்திருந்தது.

நான் ஐயாவின் முகத்தை நேராகப் பார்த்தேன். எங்கேயோ பார்த்துக்கொண்டு சொன்னேன் என்று எழுதினால் கொஞ்சம் மரியாதையாக இருக்கும். இல்லை. நேராகப் பார்த்தேன்.

"தெரியாதுங்களே. யாரு இவரு?"

பக்கத்து வீட்டிலிருந்து தனம்மா வந்துவிட்டார். "சார், இவங்க நாகர்கோயில்காரங்க. ரெண்டு வருசமா எங்க வூட்லதான் கீறாங்க" என்றார்.

ஏட்டு விடவில்லை. அவர் வேலை அது, நான் குறை சொல்லமாட்டேன். என் பின்னால் கதவைப் பிடித்துக்கொண்டு நின்ற சுகந்தியை எட்டிப் பார்த்துக் கேட்டார்.

"பாப்பா, இந்தத் தாத்தாவ உனக்குத் தெரியுமா?"

ஐயாவின் மடியில் வளர்ந்தவள் அவள். அவர் ஊட்டினால்தான் உண்பாள். அவள் அவரைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"தெரியாது" என்றாள். தடுமாறவே இல்லை!

அப்போது ஐயா சிரித்தார். சிரிப்பா அது? உதடு மட்டும் விலகியது.

"இந்தப் பிள்ளை இல்லை ஐயா" என்றார் ஏட்டைப் பார்த்து. "என்ர மகள் நல்ல உயரம். நாங்கள் பிழையான வீட்டுக்கு வந்திட்டம்."

பிறகு என் பக்கம் திரும்பினார். "குடிக்கக் கொஞ்சம் தண்ணி தருவீங்களோ?" என்று கேட்டார்.

தருவீங்களோ! வாழ்நாளில் என்னை 'நீ' என்றும் 'பிள்ளை' என்றும் தவிர வேறு எப்படியும் கூப்பிடாத மனிதர்.

சுகந்திதான் கொண்டுவந்து கொடுத்தாள். நின்றபடி அண்ணாந்து குடித்தார். செம்பைத் திருப்பிக் கொடுத்தார். ஏட்டு முன்னால் நடந்தார். ஐயா பின்னால் நடந்தார். தெருத் திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

அவர் எதற்கு வந்தார் என்று பின்னால் தெரிந்தது. இந்தப் பக்கத்துச் சிலோன்காரர்களை எல்லாம் பிடித்துவிட்டார்கள் என்று முகாமில் யாரோ கதை கட்டியிருக்கிறார்கள். நாங்கள் இருக்கிறோமா இல்லையா என்று பார்க்க, அனுமதி வாங்காமல் புறப்பட்டு வந்திருக்கிறார். அடைக்கலம் கேட்டு வரவில்லை. எங்களுக்காகப் பயந்து வந்தார்...

இதுவரை கேட்டதற்கு நீங்கள் என்னை மன்னித்துக்கூட விடலாம். பாவம், வேறு என்ன செய்வாள் என்பீர்கள். பொறுங்கள். என் குற்றம் வாசலில் முடியவில்லை.

சாயங்காலம் என் கணவர் வந்தார். சொன்னேன். அவர் கை கழுவாமல் கிரீஸோடு அப்படியே சட்டையை மாட்டினார். ஸ்டேஷனுக்குப் போய், இவர் என் மாமனார், எங்கள் எல்லோரையும் எழுதிக்கொள்ளுங்கள் என்று சொல்லப்போகிறேன் என்றார். நான் வாசலை மறித்து நின்றேன்.

"அவர் உம்மைப் பெத்த மனிசன், புஷ்பம்" என்றார்.

"இது ரெண்டும் நான் பெத்ததுகள்" என்றேன்.

வெகுநேரம் நின்றோம். கடைசியில் அவர் உட்கார்ந்தார். சட்டையைக் கழற்றவில்லை. அதோடே தூங்கிப்போனார்.

வாசலில் நான் சொன்னது ஒரு நொடியில் சொன்னது. இது அப்படியல்ல. யோசித்து, தெரிந்து, ஒவ்வொரு நாளும் புதிதாகச் செய்தது. ஐயாவை விசாரித்து, அவர் முகாமுக்கே திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்று, ஸ்டேஷன் பக்கம் பழக்கமுள்ள பட்டறை முதலாளி மூலம் தெரிந்தது. பஸ் ஏறினால் மறுநாள் காலையில் போய்ச் சேரலாம். நான் போகவில்லை. நிலைமை அடங்கியது. அப்போதும் போகவில்லை. அடுத்த வருடம், ஊர் திரும்ப விரும்புகிறவர்களுக்குக் கப்பல் விட்டார்கள். அவர் பெயர் கொடுத்தார் என்று கேள்விப்பட்டேன். வழியனுப்பக்கூடப் போகவில்லை.

திருகோணமலையில், தூரத்து உறவு ஒருவர் வீட்டில், காய்ச்சலில் இறந்தார். செய்தி பட்டறைக்கு வந்தது. அன்று தனம்மா வீட்டில் ஒரு வளைகாப்பு. நான் போனேன். வளையல் அடுக்கினேன். சாப்பிட்டு வந்தேன்.

அந்த வருடம் பள்ளிக்கூடத்தில் 'எனது சொந்த ஊர்' என்று கட்டுரை எழுதச் சொன்னார்கள். சுகந்தி நாகர்கோயிலைப் பற்றி எழுதினாள். கடல், தென்னை, மீன் சந்தை, வாசலில் உட்கார்ந்து எல்லோரோடும் பேசும் தாத்தா... டீச்சர் வகுப்பில் உரக்க வாசித்தாராம். பரிசு கொடுத்தார்கள். பிளாஸ்டிக் டிபன் பெட்டி. அவள் அதில் ஒரு நாளும் சோறு கொண்டுபோகவில்லை.

இப்போது அவள் தாம்பரத்தில் இருக்கிறாள். வாரம் தவறாமல் போன் செய்கிறாள். மருந்து சாப்பிட்டீர்களா என்று கேட்பாள். அந்த மத்தியானத்தைப் பற்றி இன்றுவரை ஒரு சொல் இல்லை. நான் கற்றுக்கொடுத்ததை அவள் அவ்வளவு நன்றாகக் கற்றுவிட்டாள். என்னிடமே திருப்பிக் காட்டுகிறாள்! வந்தபோது நான்கு வயதாக இருந்த ரமணனுக்கு எதுவும் நினைவில்லை. ஒரகடத்தில் கார் கம்பெனியில் சூப்பர்வைசர். தன் லைனில் யாராவது தென்மாவட்டத்துப் பையன் சேர்ந்தால், நம்ம ஊர்ப்பக்கம் என்று தனியாகக் கவனிக்கிறான்.

இதற்காகத்தான் செய்தேன். இந்த இருவருக்காக. இருவரும் உயிரோடு, படித்து, நிமிர்ந்து நிற்கிறார்கள். 'தெரியும்' என்று ஒரு தடவை சொல்லித் தம்பியைக் கொடுத்தவள் நான். 'தெரியாது' என்று சொல்லி இவர்களை வைத்துக்கொண்டேன். இதில் எது பாவம் என்று நீங்கள் சொல்லுங்கள். குளிர்ந்த அறையில் உட்கார்ந்து சொல்லாதீர்கள். ஈரக்கையோடு அந்த வாசலில் நின்று சொல்லுங்கள்!

இப்படிச் சவடாலாகப் பேசியே கடைசிவரை போயிருப்பேன். என் கணவர்தான் விடவில்லை.

மூன்று வருடங்களுக்கு முன் அவர் படுக்கையில் விழுந்தார். பிழைக்கமாட்டார் என்று அவருக்கே தெரிந்த பிறகு, ஒரு மாலையில் சொன்னார். அந்த மத்தியானத்துக்குப் பிறகு, எனக்குத் தெரியாமல் ஒருமுறை முகாமுக்குப் போயிருக்கிறார். வேலூரில் லாரி பழுது என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனாராம். ஐயாவைப் பார்த்தாராம். பிள்ளைகள் நன்றாகப் படிக்கிறார்கள் என்றாராம். ஐயா கேட்டுக்கொண்டிருந்தாராம். புறப்படும்போது ஒன்றே ஒன்று சொன்னாராம்.

"இனி வராதேங்கோ."

நான் என் கணவரின் கையைப் பிடித்துக்கொண்டேன். எப்படிச் சொன்னார் என்று கேட்டேன். கோபமாகவா? வந்தால் உங்களுக்கு ஆபத்து என்றா? முகம் எப்படி இருந்தது?

"தெரியேல்லை" என்றார். "சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னவர்."

அதற்கு மேல் அவருக்குத் தெரியவில்லை. பிறகு அவரும் போய்விட்டார். கேட்பதற்கு இனி ஆள் இல்லை. என் வாசலில் ஐயா என்னைக் காப்பாற்றினாரா, அல்லது அந்த நிமிடத்திலேயே என்னைக் கைகழுவினாரா? ஒரு நாள் ஒன்றை நம்புகிறேன். மறுநாள் மற்றதை.

ஆடி அமாவாசை வருகிறது. தகப்பனை இழந்த பிள்ளைகள் அவருக்காக விரதம் இருக்க எங்கள் ஊரில் ஒதுக்கிய நாள் அது. நான் இருப்பதில்லை. யாரென்று தெரியாது என்று சொன்ன ஆளுக்கு எப்படி விரதம் இருப்பது? அன்றைக்கும் உலை வைப்பேன். மகனுக்கும் மருமகளுக்கும் போட்டுவிட்டு நானும் உட்கார்ந்து வயிறு நிறையச் சாப்பிடுவேன்.

தொண்டையில் இறங்குமா என்று கேட்கிறீர்கள்.

இறங்குகிறது.